கேட்டில் ரயில் மோதினால் யார் மேல கேஸ் போடுவது? கேட் கீப்பரா, வேன் டிரைவரா, ரயில்வேயா?

2025 ஜூலை 8-ம் தேதி காலை, பள்ளி நேரம். கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில் மாணவர்களை ஏற்றிக்கொண்டு வந்த வேன் ஒன்று ரயில்வே கேட்டைக் கடந்தபோது, விழுப்புரத்தில் இருந்து மயிலாடுதுறை நோக்கிச் சென்ற பயணிகள் ரயில் அதன் மீது மோதியது. மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். வேன் டிரைவர் உள்ளிட்டோர் காயமடைந்தனர். உதவி செய்ய ஓடிவந்த உள்ளூர்க்காரர் ஒருவருக்கும் மின்சாரம் தாக்கிக் காயம் ஏற்பட்டது.

ரத்தம் காய்வதற்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது. கேட் கீப்பர் கேட்டை மூடப் போனபோது, வேன் டிரைவர் தன்னை மட்டும் விடச் சொல்லி வற்புறுத்தினார், கேட் கீப்பர் விதியை மீறி அனுமதித்துவிட்டார் என்பது தெற்கு ரயில்வே முதலில் சொன்ன விளக்கம். "அப்படியெல்லாம் இல்லை, கேட் திறந்துதான் இருந்துச்சு" என்பது வேன் தரப்பு சொன்னது. கேட் கீப்பர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டு, கைதும் செய்யப்பட்டார். டிவி விவாதங்களில் அடுத்த இரண்டு நாளும் ஒரே கேள்விதான்: திறக்கச் சொன்னது யார், திறந்தது யார்?

கிரிமினல் வழக்குக்கு அந்தக் கேள்வி முக்கியம். ஆனால், பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பம் நஷ்டஈடு கேட்டு நீதிமன்றம் போகும்போது, அந்தக் கேள்விக்கு நாம் நினைக்கும் அளவுக்கு எடை இல்லை. இது பலருக்குத் தெரியாது. தெரியாததால் நடக்கும் நஷ்டம் பெரியது. "டிரைவர் மேல தப்பு இருக்காமே, இனி ரயில்வேகிட்ட என்ன கேக்க முடியும்" என்று பல குடும்பங்கள் கருணைத் தொகையோடு நின்றுவிடுகின்றன.

நின்றுவிடத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1997-லேயே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்புக்குக் காரணமான விபத்து நடந்தது பக்கத்துக் கேரளத்தில்.

அகப்பறம்பு வழக்கு என்ன சொன்னது?

1979 மே 9. கேரளத்தின் அகப்பறம்பில், ஆள் இல்லாத லெவல் கிராசிங். பலர் சேர்ந்து வாடகைக்கு அமர்த்திய பயணிகள் வாகனம் ஒன்று தண்டவாளத்தைக் கடக்கும்போது ஜெயந்தி ஜனதா எக்ஸ்பிரஸ் மோதியது. வாகனத்தில் வந்த 40 பேரும் டிரைவரும் இறந்தார்கள்.

ரயில்வேயின் வாதம் எளிமையானது. ரயில் அதன் பாதையில் வந்தது, ஆளில்லா கிராசிங்கில் நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டியது வாகன ஓட்டியின் கடமை, அவர் அதைச் செய்யவில்லை, எனவே எங்களுக்குப் பொறுப்பு இல்லை. கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 131-வது பிரிவும் இன்றைக்கு அதையே சொல்கிறது: ஆளில்லா கிராசிங்கில் வண்டியை நிறுத்த வேண்டும், கண்டக்டரோ கிளீனரோ இறங்கிப்போய் இருபக்கமும் ரயில் வருகிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை நடத்திக் கூட்டிவர வேண்டும், அப்படி யாரும் இல்லையென்றால் டிரைவரே இறங்கிப் பார்க்க வேண்டும்.

உச்ச நீதிமன்றம் அந்த இடத்தில் நிற்கவில்லை. அது இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பிரித்தது. முதலாவது, டிரைவர் தப்பு செய்திருந்தாலும் ரயில்வேக்கு என்று ஒரு கவனக் கடமை தனியாக இருக்கிறது. அபாயகரமான ஒரு பொருளைப் பொதுச் சாலைக்குக் குறுக்கே ஓட்டுகிறவர்கள், அங்கே கடக்கும் மக்களைக் காக்க நியாயமான ஏற்பாடு செய்ய வேண்டும். கேட் போடச் சொல்லும், ஆள் போடச் சொல்லும் அதிகாரம் சட்டத்தில் இருந்தும், தேவையான இடத்தில் அதைப் பயன்படுத்தாமல் இருந்தால் அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவதுதான் முக்கியம். டிரைவரின் கவனக்குறைவை, அவர் ஓட்டிய வண்டியில் உட்கார்ந்திருந்த பயணியின் தலையில் கட்ட முடியாது.

இதில் என்ன பெரிய விஷயம், சாதாரண நியாயம்தானே என்று தோன்றலாம். ஆனால், சட்டம் ஒரு காலத்தில் அப்படி இருக்கவில்லை. 1858-ல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. ஒரு பாட்டி, பேரக் குழந்தையோடு தண்டவாளத்தைக் கடக்கும்போது ரயில் அடித்தது. ரயில்வே மீதும் தப்பு, பாட்டி மீதும் தப்பு என்று முடிவானது. கடைசியில் அந்தக் குழந்தைக்கு நஷ்டஈடு கிடையாது என்று தீர்ப்பு வந்தது. பாட்டியின் பொறுப்பில் இருந்த குழந்தை, பாட்டியின் தப்பையும் சேர்த்துச் சுமக்க வேண்டுமாம்! இதே தர்க்கத்தை 1849-லேயே ஒரு பஸ் பயணிக்கும் பொருத்தியிருந்தார்கள்: பஸ் டிரைவரின் தப்பு பயணியின் தப்பாகவே கருதப்பட்டது. பஸ் பயணி விஷயத்தில் அந்தக் கோட்பாட்டை 1888-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையே தூக்கி எறிந்தது. நம் உச்ச நீதிமன்றமும் 1997-ல் அதை ஏற்க மறுத்தது.

இதை செம்மங்குப்பத்துக்குப் பொருத்திப் பாருங்கள். டிரைவர் வற்புறுத்தினார் என்ற ரயில்வேயின் முதல் விளக்கம் முழுக்க உண்மை என்றே வைத்துக்கொள்வோம். வேனுக்குள் இருந்த பிள்ளை யாரையும் வற்புறுத்தவில்லை. தவிர, கேட் கீப்பர் "தவறாக அனுமதித்துவிட்டார்" என்று சொல்லும்போதே, அவருடைய முதலாளியான ரயில்வே தன் ஊழியரின் தவறை ஒப்புக்கொள்கிறது. ஊழியர் வேலை நேரத்தில் செய்த தவறுக்கு முதலாளி பொறுப்பு என்பது பழைய சட்டம். டிரைவரைக் குற்றம்சாட்ட வெளியிட்ட அறிக்கை, சிவில் வழக்கில் ரயில்வேக்கு எதிராகவே திரும்பக்கூடிய அறிக்கை.

எந்த நீதிமன்றம்?

இந்த இடத்தில்தான் ஆட்கள் வழி தவறுகிறார்கள். ரயில் சம்பந்தப்பட்ட விபத்து என்பதால் ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும் என்று நினைப்பது இயல்பு. ஆனால், அந்தத் தீர்ப்பாயம் ரயில் பயணிகளுக்கானது. ரயில் தடம் புரண்டாலோ, விபத்தில் சிக்கினாலோ, டிக்கெட்டோடு உள்ளே இருந்த பயணிக்கு யார் மேல் தப்பு என்று பார்க்காமலே இழப்பீடு கொடுக்க ரயில்வே சட்டம் 1989-ன் 124-வது பிரிவு சொல்கிறது. உயிரிழப்புக்கு அந்தத் தொகை 2017 ஜனவரி முதல் 8 லட்சம் ரூபாய்.

ரயில் மோதிய வேனில் இருந்தவர், ஆட்டோவில் இருந்தவர், பைக்கில் போனவர் ஆகியோர் ரயில் பயணிகள் அல்ல. அவர்கள் போக வேண்டியது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். லாரி மோதினால் எங்கே போவீர்களோ அதே இடம். அங்கே வண்டி உரிமையாளர், இன்சூரன்ஸ் கம்பெனி, ரயில்வே மூவரையும் ஒரே மனுவில் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம்.

"ரயில் மோட்டார் வாகனம் இல்லையே, அதை எப்படி இந்தத் தீர்ப்பாயத்துக்கு இழுக்கலாம்?" என்று ரயில்வே பல ஆண்டுகள் வாதாடியது. சில உயர் நீதிமன்றங்கள் அதை ஏற்றும் இருந்தன. விபத்து மோட்டார் வாகனத்தின் பயன்பாட்டால் எழுந்தது என்றால், கூட்டாகத் தவறு செய்த ரயில்வேயையும் அங்கேயே விசாரிக்கலாம் என்று அகப்பறம்பு வழக்கில் முடிவானது. ஒரு ஓட்டை மட்டும் மிச்சம் இருந்தது. விசாரணை முடிவில் டிரைவர் மேல் தப்பே இல்லை, முழுத் தப்பும் ரயில்வே மேல்தான் என்று தெரிந்தால்? அப்போது தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் போய்விடும், வேறு நீதிமன்றத்தில் முதலில் இருந்து தொடங்கு என்ற நிலை. ரயில்வே நூறு சதவீதம் தப்பு செய்தால் தப்பித்துக்கொள்ளும், ஐம்பது சதவீதம் செய்தால் மாட்டிக்கொள்ளும் என்ற விசித்திரம் அது. 2002-ல் பகவதி பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதையும் அடைத்தது. மனு போட்டபோது இருந்த அதிகாரம், கடைசியில் யார் மேல் தப்பு என்று தெரிந்த பிறகு மறைந்துவிடாது.

2015-ல் வந்த இன்னொரு தீர்ப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டு தரப்பின் தவறால் மூன்றாவது ஆள் பாதிக்கப்பட்டால், அவர் முழுத் தொகையையும் இருவரில் யாரிடம் இருந்து வேண்டுமானாலும் வசூலிக்கலாம். யார் எத்தனை சதவீதம் என்பதை அவர்கள் பிறகு தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும். வேனுக்கு இன்சூரன்ஸ் காலாவதியாகி, உரிமையாளர் கையை விரித்துவிட்டால் ரயில்வேயிடமே முழுசாகக் கேட்கலாம் என்று இதற்கு அர்த்தம்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே மத்திய அரசின் பணத்தில் எச்சரிக்கைப் பலகையோ கருவியோ பொருத்தப்பட்ட கிராசிங்கில், அந்த எச்சரிக்கை போதவில்லை என்று மாநிலச் சட்டப்படி ரயில் கம்பெனி மீது வழக்குப் போட முடியாது என்று 2000-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த ஒரு விஷயத்தில் நம் நாட்டுச் சட்டம் பாதிக்கப்பட்டவர் பக்கம் கூடுதலாகச் சாய்ந்திருக்கிறது. தாமதம்தான் நம் வியாதி. அகப்பறம்பு விபத்துக்கும் இறுதித் தீர்ப்புக்கும் நடுவே 18 ஆண்டுகள்.

5 லட்சம் வாங்கிட்டோமே, அப்புறம் எப்படி?

செம்மங்குப்பத்தில் இறந்த மாணவர்களின் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு தலா 5 லட்சம், ரயில்வே தலா 5 லட்சம் அறிவித்தன. இது கருணைத் தொகை. இழப்பீடு வேறு. இதை வாங்கியதால் வழக்குப் போடும் உரிமை போகாது.

ரயில்வேயின் அந்த 5 லட்சத்துக்குப் பின்னால் கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி உண்டு. 2023 செப்டம்பரில் ரயில்வே வாரியம் கருணைத் தொகையைப் பத்து மடங்கு உயர்த்தியது: இறப்புக்கு 50,000-ல் இருந்து 5 லட்சம், பலத்த காயத்துக்கு 25,000-ல் இருந்து 2.5 லட்சம், சிறு காயத்துக்கு 5,000-ல் இருந்து 50,000. அதே சுற்றறிக்கையில், ஆள் உள்ள கேட்டில், முதல் பார்வையிலேயே ரயில்வேயின் பொறுப்பு தெரிகிற விபத்தில் சிக்கிய சாலைப் பயணிகளுக்கும் இது உண்டு என்றார்கள். ஆளில்லா கிராசிங்கில் சிக்கியவர்களுக்கும், தண்டவாளத்தில் அத்துமீறி நடந்தவர்களுக்கும், மின்கம்பியில் அடிபட்டவர்களுக்கும் இல்லை என்றார்கள். ஆக, கேட்டில் அடிபட்ட வேன்காரருக்கு ரயில்வே இந்தத் தொகையைக் கொடுத்தால், தன் பக்கம் பொறுப்பு இருப்பதாக அதற்கே முதல் பார்வையில் தோன்றியிருக்கிறது என்றுதான் படிக்க வேண்டியிருக்கிறது. நீதிமன்றத்தில் இதை முழு ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்தான். ஆனால், வழக்கறிஞரின் கட்டில் இருக்க வேண்டிய காகிதம் அது. 

கருணைத் தொகைக்கும் இழப்பீட்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் வரும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 35 வயது மேஸ்திரி, மாதம் 20,000 ரூபாய் சம்பாத்தியம், அவரை நம்பி நான்கு பேர். உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் வகுத்த முறைப்படி, வருங்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டினால் 28,000. அவருடைய சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 21,000. ஆண்டுக்கு 2.52 லட்சம். அந்த வயதுக்கான பெருக்கல் எண் 16. மொத்தம் 40,32,000 ரூபாய். இறுதிச் சடங்கு, துணையை இழந்ததற்கான தொகை எல்லாம் இதற்கு மேல், வட்டி தனி. 5 லட்சத்தை வாங்கிக்கொண்டு நின்றுவிட்டால் அந்தக் குடும்பம் விட்டுக்கொடுப்பது இவ்வளவு.

குழந்தைகள் விஷயத்தில் இந்தக் கணக்கு நீண்ட காலம் அநியாயமாக இருந்தது. சம்பாதிக்காத பிள்ளைக்கு ஏது வருமானம் என்று, ஆண்டுக்கு 15,000, 30,000 என ஏதோ ஒரு சிறு தொகையை வைத்துப் பெருக்குவார்கள். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதை மாற்றியது. அந்தந்த மாநிலத்தில் திறன் பெற்ற தொழிலாளிக்கு அறிவித்த குறைந்தபட்சக் கூலியையே குழந்தையின் வருமானமாக வைத்துக் கணக்கிட வேண்டும். பள்ளி வேன் விபத்துகளில் இது தொகையை நன்றாகவே உயர்த்தும்.

இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-வது பிரிவில் யார் தப்பு என்று நிரூபிக்காமலே இறப்புக்கு 5 லட்சம், பலத்த காயத்துக்கு 2.5 லட்சம் வாங்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனி ஆட்கள் வீடு தேடி வந்து சமரசம் பேசுவார்கள். அதை அந்த நடைமுறைப்படி ஏற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் இருக்கும் பெரிய மனு காலாவதியாகிவிடும். கருணைத் தொகையை வாங்கலாம், உரிமை போகாது. ஆனால், இந்த 164 காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் போய்விடும். இரண்டும் ஒரே மாதிரி 5 லட்சமாக இருப்பது குழப்பத்துக்கு வழி. கையெழுத்துக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

டிரைவரின் குடும்பத்துக்கு என்ன?

வண்டி ஓட்டியவர் இறந்திருந்தால் கதை கொஞ்சம் கடினம். அவருடைய தப்பு அவருடைய கணக்கில் ஏறும். தீர்ப்பாயம் அவர் மேல் 40 சதவீதம் தப்பு என்று முடிவு செய்தால், அந்த 40 சதவீதம் இழப்பீட்டில் குறையும். அதனால் அவருடைய குடும்பத்துக்கு மட்டும், கேட் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்ற கேள்வி உயிர்நாடி.

திறந்திருக்கும் கேட் என்பதே "வா, பாதை காலி" என்று சொல்லும் வார்த்தைக்குச் சமம் என்று இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1874-லேயே ஒரு வழக்கில் சொன்னது. நம் ஊர்த் தீர்ப்பாயங்களிலும் இதே வாதம் எடுபடும். ஆள் உள்ள கேட் திறந்திருக்கும்போது, இறங்கிப்போய் இருபுறமும் பார்க்கவில்லை என்று டிரைவரைக் குறை சொல்ல முடியாது. 131-வது பிரிவு ஆளில்லா கிராசிங்கைப் பற்றியது. மூடிய கேட்டைத் திறந்துகொண்டு போனாலோ, இடித்துக்கொண்டு போனாலோ நிலைமை தலைகீழ். ரயில்வே சட்டம் 160-வது பிரிவின்படி, திறந்தால் 3 ஆண்டு வரை, உடைத்தால் 5 ஆண்டு வரை சிறை. மூடும் கேட்டுக்கு அடியில் பைக்கைச் சாய்த்து நுழைக்கும் நம் ஊர் வீரர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. அவர்களுடைய குடும்பத்துக்கு எந்தத் தீர்ப்பாயத்திலும் பெரிதாகக் கிடைக்காது.

செங்கல் பக்கத்தில் நடந்தால் எந்த மாநிலத்தில் வழக்கு?

இதுவரை சொன்ன சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான். ஆனால், மாநில எல்லையில் வசிப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரி ரயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். அகப்பறம்பு விபத்து நடந்த அதே 1979-ல் திறக்கப்பட்ட பாதை இது. நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை தாண்டினால் அடுத்தது குமரி மாவட்டம். நெய்யாற்றின்கரை தாலுகாவில் இருக்கும் செங்கல் போன்ற ஊர்களுக்கும் களியக்காவிளைக்கும் நடுவே மாநில எல்லை இருப்பது வரைபடத்தில்தான். இந்தப் பக்கம் பெண் எடுத்தவர்கள், அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள், செங்கல் மகேஸ்வரம் கோவிலுக்கு ஆட்டோ பிடித்து வருகிறவர்கள் என்று இரண்டு பக்கமும் போக்குவரத்து ஓயாது.

களியக்காவிளைக் குடும்பம் ஒன்று தமிழ்நாட்டுப் பதிவெண் ஆட்டோவில் போகும்போது, கேரளத்தில் ஒரு கேட்டில் ரயில் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். எஃப்ஐஆர் கேரள ரயில்வே போலீசில். மகஜர் மலையாளத்தில். ஆட்டோவின் இன்சூரன்ஸ் நாகர்கோவில் கிளையில். ரயில்வே தரப்பில் திருவனந்தபுரம் கோட்டம். கோட்ட எல்லை குமரி மாவட்டத்தையும் தாண்டிப் போவதால், விபத்து எல்லைக்கு எந்தப் பக்கம் நடந்தாலும் அநேகமாக அதே அலுவலகம்தான். வழக்கில் பெயர் வருவது இந்திய ஒன்றியம், தெற்கு ரயில்வே பொது மேலாளர் வழியாக, சென்னையில்.

இந்தக் குடும்பம் நெய்யாற்றின்கரைத் தீர்ப்பாயத்துக்கு மாதாமாதம் அலைய வேண்டுமா? வேண்டாம். 166-வது பிரிவு மூன்று வாய்ப்புகளைத் தருகிறது: விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்மனுதாரர் இருக்கும் இடம். எனவே குழித்துறையிலேயே மனு போடலாம். வக்கீலோடு தமிழில் பேசலாம், வாக்குமூலத்தைத் தமிழில் சொல்லலாம். எதிர்த்திசையிலும் இதே விதிதான். செங்கல்காரர் குமரி மாவட்டத்தில் அடிபட்டால் நெய்யாற்றின்கரையில் மனு போடலாம். ஒரே செலவு, மலையாளக் காகிதங்களைச் சான்றுபெற்ற மொழிபெயர்ப்போடு தாக்கல் செய்வது. சாட்சி சொல்ல கேரளப் போலீஸ்காரரை வரவழைப்பதில் சில வாய்தாக்கள் போகும். அதற்குப் பயந்து தூரத்து நீதிமன்றத்தைத் தேர்வு செய்தால் அலைச்சல்தான் மிஞ்சும்.

சாட்சியம் யார் கையில் இருக்கிறது?

உண்மையில் இந்த வழக்குகள் தோற்பது சட்டத்தால் அல்ல, சாட்சியத்தால். கேட் பதிவேடு, கேட் கீப்பரும் ஸ்டேஷன் மாஸ்டரும் பேசிய குரல் பதிவு, ரயில் இன்ஜினின் வேகப் பதிவு, ஹாரன் அடித்தார்களா என்பதற்கான லோகோ பைலட்டின் அறிக்கை, உள் விசாரணைக் குழுவின் முடிவு ஆகிய எல்லாமே எதிராளியான ரயில்வேயின் அலமாரியில். குடும்பத்திடம் இருப்பது பிரேதப் பரிசோதனை அறிக்கையும், செல்போனில் யாரோ எடுத்த வீடியோவும்.

செம்மங்குப்பம் கேட் இன்டர்லாக் செய்யப்படாதது. இன்டர்லாக் உள்ள கேட்டில், கேட் மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்குப் பச்சை விழும். அது இல்லாத கேட்டில் எல்லாம் போன் பேச்சுதான். ஸ்டேஷன் மாஸ்டர் கூப்பிடுவார், கேட் கீப்பர் மூடிவிட்டேன் என்று ஒரு ரகசிய எண்ணைச் சொல்வார், அதை நம்பி ரயிலை அனுப்புவார்கள். மூடாமலே எண்ணைச் சொன்னால் தடுக்க எந்த இயந்திரமும் இல்லை. அந்த விபத்துக்குப் பிறகு ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், எல்லா கேட்டுகளிலும் சிசிடிவி பொருத்தவும், குரல் பதிவுகளை தினமும் சோதிக்கவும், இன்டர்லாக் கட்டாயமாகும் போக்குவரத்து அளவை 20,000 அலகில் இருந்து 10,000 ஆகக் குறைக்கவும் உத்தரவிட்டார். அந்த அலகு என்பது, ஒரு நாளில் அந்த கேட்டைக் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையை வாகனங்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவது.

பாதுகாப்புக்காகப் போட்ட இந்த உத்தரவு வழக்குகளுக்கும் உதவும். கேமராவும் குரல் பதிவும் இருந்தால் "யார் சொன்னது, யார் திறந்தது" என்பது வாய்ச்சண்டையாக இருக்காது. ஆனால், பதிவுகள் அழியும், அவற்றின் மேலேயே புதுப் பதிவு ஏறும். அதனால் விபத்து நடந்த முதல் வாரத்திலேயே, இன்ன கேட்டின் இன்ன நேரத்துப் பதிவுகளைப் பாதுகாத்து வையுங்கள் என்று கோட்ட மேலாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புவது, பின்னால் ஆயிரம் கேள்வி கேட்பதைவிடப் பயன் தரும். அப்படிக் கேட்ட பிறகும் பதிவு இல்லை என்று ரயில்வே சொன்னால், அதை அவர்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளும்படி தீர்ப்பாயத்தைக் கேட்கலாம்.

காலக்கெடுவும் இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இந்தக் கெடு செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. தாமதத்தைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. இடைக்கால உத்தரவை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். சாலை விபத்துகளில் போலீஸே தீர்ப்பாயத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், அதையே மனுவாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் விதி இருக்கிறது. கேட் விபத்தில் வழக்கு ரயில்வே போலீஸிடம் இருப்பதால், அறிக்கை போயிற்றா என்று நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள். போகவில்லை என்றால் தனியாக மனு போடுங்கள்.

சுரங்கப்பாதை கட்டாதது யார் தப்பு?

இந்தியாவில் அகலப் பாதையில் ஆளில்லா கிராசிங்குகள் 2019 ஜனவரியோடு முழுக்க ஒழிக்கப்பட்டன. 2018 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகரில் பள்ளி வேன் மீது ரயில் மோதி 13 குழந்தைகள் இறந்த பிறகு அந்த வேலை வேகம் எடுத்தது. மிச்சம் இருப்பது ஆள் உள்ள கேட்டுகள். அவற்றுக்குப் பதில் மேம்பாலமோ சுரங்கப்பாதையோ கட்ட வேண்டும் என்றால் நிலமும் அனுமதியும் மாநில அரசு தர வேண்டும். இங்கேதான் பந்து இரண்டு பக்கமும் உருளுகிறது.

செம்மங்குப்பத்தில் முழுச் செலவும் ரயில்வேயே ஏற்கும் சுரங்கப்பாதைக்கு ஒப்புதல் ஆகிவிட்டது, ஓராண்டாக மாவட்ட ஆட்சியர் அனுமதி தரவில்லை என்று விபத்து நடந்த அன்றே தெற்கு ரயில்வே அறிக்கையில் சொன்னது. அரசியல் விவாதத்துக்கு அது போதும். இழப்பீட்டு வழக்கில் அந்தப் பதில் ரயில்வேயைக் காப்பாற்றுமா என்பது சந்தேகம். சுரங்கப்பாதை வராதவரை, இருக்கிற கேட்டைச் சரியாக மூடுவது ரயில்வேயின் வேலை. அகப்பறம்பு தீர்ப்பின் தர்க்கமும் அதுதான். அதே தர்க்கத்தில், ஆபத்து தெரிந்தும் கோப்பை வைத்திருந்த மாநில அதிகாரியையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாமா? மோட்டார் வாகனத் தீர்ப்பாயத்தில் அது எளிதல்ல. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவாகப் போனால், கோப்பு எந்த மேஜையில் எத்தனை மாதம் இருந்தது என்று இரண்டு தரப்பும் ஆவணத்தோடு பதில் சொல்ல வேண்டி வரும்.

தங்கள் ஊர் கேட் எந்த வகை என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்கள், கேட் எண்ணைக் குறிப்பிட்டு ரயில்வேயிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். இன்டர்லாக் உண்டா, போக்குவரத்து அலகு எவ்வளவு, கடைசியாக எப்போது எண்ணினார்கள், சுரங்கப்பாதை முன்மொழிவு இருக்கிறதா, அந்தக் கோப்பு இப்போது யாரிடம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும்.